மயிலம்மாளின் சோளக்குழியும் இரு கட்சிகளின் கருணையும்

ஒரு நாட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு அரசாங்கம்தான் இருக்க முடியும் என்பது பொது விதி. எருமப்பட்டிக்குக் கிழக்கே மயிலம்மாள் குடித்தனம் நடத்திய வீட்டில் இரண்டு இருந்தன. கணவர் குழந்தைவேல் காளைமாட்டுக் கட்சி. கதர்ச் சட்டை போடாமல் அவர் வாய்க்காலுக்குக்கூடப் போனதில்லை. கொழுந்தன் வேலுசாமி சூரியக் கட்சி. கருப்பு சிவப்புத் துண்டு தோளில் இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. வாசல்நிலைக்கு இந்தப் பக்கச் சுவரில் இரட்டைக் காளை, அந்தப் பக்கச் சுவரில் சூரியன். இரண்டுக்கும் சுண்ணாம்பு அடித்துச் சுவரைத் தயார் செய்து கொடுத்தவள் மயிலம்மாள். இந்த நடுநிலைமையை எந்தக் கட்சியும் பாராட்டவில்லை.

உலை மட்டும் ஒன்று. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே சட்டிக் களியைத் தின்றுகொண்டே ஒருவர் கட்சியை ஒருவர் குழிதோண்டிப் புதைப்பார்கள். களி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இரண்டு பேரின் கொள்கை விளக்கத்திலும் கிடையாது.

அந்தக் கேள்வி மயிலம்மாளுக்கு இருந்தது. முந்திய கோடையில் மழை பொய்த்துக் கிணறு வற்றி, கடையில் அரிசி என்பது கேட்டால் கடைக்காரர் சிரிக்கும் ஒரு வஸ்துவாக ஆகியிருந்தது. கூழில் தண்ணீரைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் தண்ணீரில் கூழின் வாசனை மட்டும் மிச்சமான நாட்களை அவள் பார்த்திருந்தாள். அவளுடைய சின்ன மகள் சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் இருக்கிறதே, அதற்குப் பிறகு எந்த மேடைப் பேச்சும் அவள் காதில் சரியாக ஏறவில்லை.

இந்த நிலையில், அறுபத்தாறாம் வருஷம் வைகாசிக் கடைசியில், ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. குழந்தைவேல் அதை உரக்க வாசித்துவிட்டு, இதனால் நாட்டுக்கு நன்மைதான் என்று தீர்ப்பளித்தார். வேலுசாமி, இதனால் நாடு நாசமாய்ப் போயிற்று என்று மேல்முறையீடு செய்தார். களி கிண்டிக்கொண்டிருந்த மயிலம்மாள் இடையில் புகுந்தாள்.

“ஏனுங்க, ரூவாய்க்கு மதிப்புக் கொறஞ்சு போச்சுன்னா, அந்த ரூவாய வாங்கிக்கிட்டு நம்ம சோளத்தக் குடுக்கறது எப்படீங்க?”

களத்தில் அப்போதுதான் கிணற்றுத் தண்ணீரில் விளைந்த இறவைச் சோளம் அடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. அதை வியாபாரிக்குப் போடுவதாகப் பேச்சு.

“அது சீமை ரூவாக் கணக்கு புள்ள. நம்மூருச் சோளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சர்க்கார் மேல நம்பிக்க வெய்யி” என்றார் குழந்தைவேல். “ஊட்டுக்குள்ள தானியத்தப் பூட்டி வெச்சா, அதுக்குப் பேரு பதுக்கல். நான் மேடையில பதுக்கலத் திட்டறவன். எம் பொண்டாட்டி பதுக்கினா நல்லாவா இருக்கும்?”

“நங்கையா” என்று அண்ணன் மனைவியைப் பணிவோடு அழைத்தார் வேலுசாமி. “வார தேர்தல்ல நாங்கதானுங்க. ரூவாய்க்கு மூணு படி அரிசி. பொறகு உங்க சோளத்த எரும கூட மோந்து பாக்காதுங்க. இப்பவே தள்ளி உட்டுருங்க.”

அந்தக் குடும்ப வரலாற்றில் இரண்டு கட்சிகளும் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது: சோளம் முழுவதையும் விற்றுவிடுவது. ஒருவர் அரசாங்கத்தை நம்பி விற்கச் சொன்னார். மற்றவர் அரசாங்கம் கவிழும் என்று நம்பி விற்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒத்துப்போகும் விஷயம் நிச்சயம் ஆபத்தானதாகத்தான் இருக்கும் என்று மயிலம்மாள் அன்றே முடிவுகட்டினாள்.

அவள் செய்தது ஒரு பொய். “வெளைஞ்சதுல பாதி பதருங்க” என்றாள். அந்த வருஷம் சோளக் காட்டுப் பக்கமே எட்டிப்பார்க்காத இருவரும், அப்படித்தான் இருக்கும் என்று தலையசைத்தார்கள். ஒருவர் அதற்கு இயற்கையைக் காரணம் சொன்னார், இன்னொருவர் உரக்கொள்கையை.

பாதி வியாபாரிக்குப் போயிற்று. பாதி குழிக்குப் போயிற்று.

தானியக் குழி அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மேட்டில், மண் இறுகிய இடமாகப் பார்த்து ஆளுயரத்துக்குத் தோண்டி, சுவரைச் சாணியால் மெழுகிக் காயவிட்டு, கயிறாய்த் திரித்த வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, நடுவில் சோளத்தைக் கொட்டி, மேலே வைக்கோல், அதற்குமேல் மண் என்று மூடிவிட்டால் பூச்சி அண்டாது, எலி அண்டாது, எருமப்பட்டி பிர்க்காவின் எந்த அதிகாரியும் அண்டமாட்டார். ஒரே சங்கடம், திறந்த உடனே உள்ளே இறங்கக் கூடாது. அடைபட்ட காற்று ஆளைக் கொன்றுவிடும். ஒருநாள் வாயைத் திறந்து போட்டு, விளக்கை விட்டுப் பார்த்து, அது அணையாவிட்டால்தான் இறங்க வேண்டும்.

தோண்டியது பண்ணையத்து ஆள் பச்சமுத்து. எருக்குழி என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. மெழுகியது மயிலம்மாளும் அவளுடைய ஓரகத்தி செல்லியம்மாளும். அதாவது வேலுசாமியின் மனைவி. அண்ணனும் தம்பியும் சேலத்தில் நடந்த வெவ்வேறு மாநாடுகளில் நாட்டைக் காப்பாற்றப் போயிருந்த சமயம் பார்த்து வேலை முடிந்தது. மூடுவதற்கு முன்னால் மயிலம்மாள் ஒரு பிடி சோளத்தை அள்ளி மற்ற இருவர் கையிலும் போட்டாள்.

“இதத் திங்கற வாயால இதப்பத்தி ஒருத்தர்கிட்டயும் சொல்றதில்ல. ஆமாம்னு சொல்லுங்க.”

“சத்தியமாங்க சாமி” என்றான் பச்சமுத்து.

“எங்கொழந்த மேல ஆணைங்க்கா” என்றாள் செல்லியம்மாள்.

குழியின் தலைமேல் வறட்டியை அம்பாரமாக அடுக்கினாள் மயிலம்மாள். இது அவளுடைய ராஜதந்திரத்தின் உச்சம். அந்த வளவு வீடுகளில் ஆண்பிள்ளை கை படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது வறட்டி. சர்க்கார் கஜானாவுக்குக்கூட அவ்வளவு காவல் கிடையாது.

புரட்டாசி போய், கார்த்திகை போய், தை வந்தது. தேர்தலும் வந்தது. இரண்டு கட்சிகளும் ஊர்ஊராக முகாம் போட்டன. குழந்தைவேலின் முகாம் எருமப்பட்டியில். வேலுசாமியின் முகாம் அடுத்த ஊர்ப் புளியமரத்தடியில். தொண்டர்கள் வந்தார்கள். தொண்டர்களுக்கு வாய் இருந்தது, முழக்கமிட மட்டுமல்ல.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. குழந்தைவேல் ஒரு காலை மனைவியைக் கூப்பிட்டு, கேட்காமலே சொன்னார்:

“மயிலா, ஜேடர்பாளையம் போய் உங்க ஆத்தாளப் பாத்துட்டு வாயேன். எத்தன நாளாச்சு. அவசரமா வர வேண்டாம். இருந்து, ஆத்துல குளிச்சு, நல்லது பொல்லது தின்னுபோட்டு நெதானமா வா.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தாய்வீட்டுக்குப் போக அவள் மன்றாடித்தான் பழக்கம். போனால் மறுநாளே ஆள் வரும், எருமை கறக்க விடமாட்டேன் என்கிறது என்று. இப்போது அவரே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை வந்தார். கதர்ச் சட்டை போட்ட ஒருவர் பெண்டாட்டியின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை அந்த ரோட்டில் பலர் நின்று பார்த்தார்கள்.

ஜேடர்பாளையத்தில் அணைக்கட்டுக்குக் கீழே படியில் கால் நனைய உட்கார்ந்து, மயிலம்மாள் தன் தாயிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“அவரு மாறிட்டாரு ஆத்தா. பைய அவரே தூக்கிக்கிட்டு வந்தாரு.”

“தேர்தல்ல தோத்துருவாராட்ட இருக்குது. ஆம்பளைக்கு அப்பத்தான் பொண்டாட்டி நெனப்பு வரும்” என்றாள் தாய். அந்தம்மாளுக்கு அரசியல் அனுபவம் அதிகம். ஆனால் மயிலம்மாள் சிரித்துவிட்டாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நாளாகியிருந்தது. மீன் குழம்பு சாப்பிட்டாள். மத்தியானத்தில் தூங்கினாள். பகலில் தூங்கினால் உடம்பு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது வறட்டி அம்பாரம் வேறு மாதிரி அடுக்கப்பட்டிருந்தது. பழகாத கை அடுக்கியது என்பது பார்த்ததும் தெரிந்தது; பாதி வறட்டி குப்புறக் கிடந்தது. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்பாரத்துக்கு நடந்தாள்.

“பனியில நமத்துப் போயிருமேன்னு நாந்தான் பிரிச்சுக் காயவெச்சு அடுக்கினேன்” என்றார் குழந்தைவேல், கையைத் துண்டில் துடைத்தபடி.

“நீங்களா? வறட்டியவா?”

“ஏன், காந்தி வழி நடக்கறவன் தொடக்கூடாதா?”

மயிலம்மாள் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள்.

மாசியில், ஓட்டுக்குச் சில நாள் முன்னால், இரண்டாவது அதிசயம். சாமி இல்லை என்று மேடைக்கு மேடை முழங்கும் வேலுசாமி, வில்வண்டி ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“நங்கையா, நாமக்கல்லு போய் நரசிம்மரையும் ஆஞ்சநேயரையும் பாத்துட்டு வாங்க. செல்லியையும் கூட்டிக்கிட்டு, கொழந்தைகளையும் ஏத்திக்குங்க. ஊட்ட நான் பாத்துக்கறேன்.”

“சாமி இல்லேம்பீங்களே கொழுந்தனாரே?”

“எனக்கு இல்லீங்க. உங்களுக்கு இருக்குதுல்ல. இந்த ஊட்டுக்கு எத்தனை ஒழைக்கறீங்க, ஒருநாளாச்சும் கோட்டையப் பாத்துட்டுக் காத்தாட உக்காந்துட்டு வாங்க. ராத்திரி செல்லியோட சித்தப்பன் ஊட்டுலயே தங்கிக்கலாம்.”

வண்டியில் செல்லியம்மாள் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மயிலம்மாள் கடைவீதியில் அவளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டாள். ஆஞ்சநேயர் முன்னால் நின்றபோது செல்லியம்மாள் பொலபொலவென்று அழுதாள். சிறுபிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று மயிலம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்த நாட்களில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பெண்கள் சொல்வார்கள்: “உங்க ஊட்டுக்காரரு முகாமுல வெள்ளச்சோளக் களி அப்படி மணக்குதாமே!” இன்னொருத்தி, “கொழுந்தனாரு முகாமுல மட்டும் என்ன, அதே களிதான்” என்பாள். மயிலம்மாள் வீட்டில் கேட்டாள்.

“கட்சி அனுப்புது” என்றார் குழந்தைவேல்.

“தலைமைக் கழகமுங்க” என்றார் வேலுசாமி.

பஞ்சகாலத்தில் இரண்டு கட்சிகளும் சோளத்தில் இப்படி ஒத்த ருசியோடு இருப்பது ஜனநாயகத்துக்கு நல்லதுதான் என்று அவள் எண்ணியிருக்கக்கூடும்.

ஓட்டுப்போடும் நாளில் அவளுக்குத் தர்மசங்கடம் வந்தது. அதற்கு முந்திய தேர்தல்களில் கணவர் சொன்ன இடத்தில் குத்திவிட்டு வந்தாள். இந்த முறை இரண்டு பேரும் அவளை மனுஷியாக நடத்திவிட்டார்கள். நல்லவேளையாக, டில்லிக்கு ஒரு சீட்டு, மெட்ராஸுக்கு ஒரு சீட்டு என்று இரண்டு கொடுத்தார்கள். டில்லியைக் காளைக்குக் கொடுத்தாள், மெட்ராஸைச் சூரியனுக்குக் கொடுத்தாள். பையைத் தூக்கி வந்ததற்கு ஒன்று, வண்டி கட்டிக் கொடுத்ததற்கு ஒன்று. இந்திய வரலாற்றில் இவ்வளவு நன்றியோடு போடப்பட்ட ஓட்டுகள் குறைவு.

சூரியன் ஜெயித்தது. வேலுசாமி வெடி வெடித்தார். குழந்தைவேல் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று படி மெள்ள ஒரு படியாயிற்று. அந்த ஒரு படியும் மெட்ராஸிலும் கோயமுத்தூரிலும் என்று பேப்பரில் வந்தது. எருமப்பட்டிக்கு அது பஸ் ஏறவில்லை.

வைகாசியில் ராகி தீர்ந்தது. கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. ஒரு மத்தியானம் சின்ன மகள் சட்டியைச் சுரண்டும் சத்தம் மறுபடி கேட்டது. மயிலம்மாள் கலங்கவில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் பத்து மாதமாகக் காத்திருந்தாள். முகத்தைக் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, குடும்பத்தைக் களத்துக்குக் கூப்பிட்டாள். பச்சமுத்துவுக்கும் ஆள் அனுப்பினாள். அவளும் ஒரு கூட்டம் போட்டாள். அவள் வாழ்நாளில் ஒரே கூட்டம்.

“உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு பொய் சொல்லிப்போட்டேனுங்க” என்று ஆரம்பித்தாள். அவள் குரலில் பெருமை தாங்கவில்லை. “அன்னைக்குப் பதருன்னு சொன்னது பதரில்லீங்க. பாதிச் சோளத்தக் குழியில போட்டு வெச்சிருக்கறேன். மழை வார வரைக்கும் கொழந்தைங்க வயிறாரத் திங்கும்.”

குழி எந்த இடத்தில் என்று அவள் சொல்லவில்லை. களத்தில் சோளத்தட்டைப் போர் இருந்தது, எருக்குப்பை இருந்தது, ஆட்டுப்பட்டி இருந்தது. குழந்தைவேலும் வேலுசாமியும் நேராக வறட்டி அம்பாரத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு இருவரும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மயிலம்மாள் அதைக் கவனித்தாள்.

“இப்ப எதுக்குப் புள்ள தெறக்கறது. விஷக்காத்து இருக்கும். ஆவணி போவட்டும்” என்றார் குழந்தைவேல்.

“ஆமாங்க, அண்ணஞ் சொல்றது சரிதானுங்க” என்றார் வேலுசாமி. இது இரண்டாவது ஒருமனதான தீர்மானம்.

மயிலம்மாள் வறட்டியைத் தள்ளினாள். மண்வெட்டியை எடுத்தாள். காற்றுக்குக் காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை; அடைபட்ட காற்றின் புளித்த வாடை ஒரு துளிகூட வரவில்லை. பழைய நாற்றமே இல்லாத குழி அது. மேல்மண்ணையும் வைக்கோலையும் எடுத்ததும் பதர் தெரிந்தது. அள்ள அள்ளப் பதர். அவள் சொன்ன பொய்யைக் கடவுள் மாதிரி யாரோ மெய்யாக்கி வைத்திருந்தார்கள்.

பதருக்குக் கீழே கட்டுக்கட்டாகக் காகிதம். வேட்பாளரின் பெயரைத் தப்பாக அச்சடித்துவிட்டதால் வீணான நோட்டீசுகள். செல்லியம்மாளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். வாசிக்க வேண்டாம் என்று யாரும் தடுக்காததால் வாசித்தாள்: “ரூபாய்க்கு... மூன்று... படி...”

அடியில், பிரியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு வேளை உலைக்குக் காணுகிற சோளம் கிடந்தது.

பிறகு நடந்தது சட்டசபை.

“நான் மேலாப்புலதான்டா எடுத்தேன். பாதிக்கு மேல மண்வெட்டி எறங்கல. மிச்சத்த எடுத்தவன் நீ!”

“நீ எடுத்த பாதிக்குப் பதரக் கொட்டி வெச்சிருந்தயே, அதத் தோண்டி எடுத்து மறுபடி மேல போட்டு மூடினேன் பாரு, உம் மானத்தக் காப்பாத்தினது நானு! அத மேடையில சொல்லியிருந்தா உங்கட்சிக்கு டிப்பாசிட்டு கெடைச்சிருக்குமா?”

அது உண்மைதான். அண்ணனின் திருட்டைக் கண்ணால் பார்த்த தம்பி, அத்தனை மேடையிலும் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. அரசியல் நாகரிகம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

மயிலம்மாள் பச்சமுத்துவைப் பார்த்தாள். அவன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

“சோளந் திங்கற வாயால சொல்லலீங்க சாமி. பெரியவரு பீடி குடுத்துக் கேட்டாரு. பீடி குடிச்ச வாயாலதானுங்க சொன்னேன்.”

செல்லியம்மாளை அவள் பார்க்கவில்லை. செல்லியம்மாள் தானாகவே வந்தாள்.

“அவரு எங்கிட்டக் கேக்கக்கூட இல்லீங்க்கா. எங்கக்கா எத்தன கெட்டிக்காரின்னு சந்தோசத்துல நானாத்தான் சொல்லிப்போட்டேன். அவரு இப்படிப் பண்ணுவாருன்னு...” கையில் அந்தக் கண்ணாடி வளையல்கள் சத்தம் போட்டன. அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும், அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து அதற்கு வேண்டிய பதிலோடு நின்றார்கள். ஒருவர் தியாகம் என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தார், மற்றவர் லட்சியம் என்ற சொல்லை. மயிலம்மாள் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்:

“ஏனுங்க, ஜேடர்பாளையம் போயிட்டு நெதானமா வான்னு சொன்னீங்களே. பையத் தூக்கிக்கிட்டு வந்தீங்களே. அது இதுக்குத்தானுங்களா?”

மைக் இல்லாமலே மூன்று மணி நேரம் பேசக்கூடிய குழந்தைவேல் கதர்ச் சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

“கொழுந்தனாரே, காத்தாட உக்காந்துட்டு வாங்கன்னு வண்டி கட்டினீங்களே?”

வேலுசாமி தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

“சோளத்தக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பனோ என்னமோ. பட்டினி கெடக்கறவங்களுக்குத்தானே போட்டீங்க, தின்னுட்டுப் போறாங்க” என்றாள். “அங்க ஆத்துல ஒக்காந்து எங்காத்தாகிட்டப் பேசிப்பேசிச் சிரிச்சேனுங்க. அத என்ன பண்ணறதுங்க இப்ப?”

இதற்கு எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் பதில் கிடையாது.

அடியில் கிடந்த சோளத்தை முறத்தில் எடுத்து, பூஞ்சை பிடித்ததைத் தள்ளி, அன்று ஒரு உலை வைத்தாள். அதைக் குழந்தைகள் தின்றார்கள். மறுநாளிலிருந்து மயிலம்மாள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். கூலியாகக் கிழங்கே கொடுத்தார்கள். அந்தக் கோடையைக் குடும்பம் கிழங்கில் தாண்டியது. அண்ணனும் தம்பியும் அவரவர் மூலையில் உட்கார்ந்து கிழங்கைத் தின்றார்கள். அரசியல் பேச்சு சில மாதம் நின்றிருந்தது, பிறகு தானாகவே தேறிவிட்டது. செல்லியம்மாளோடு அவள் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் எந்தச் சந்தோஷத்தையும் அவளிடம் சொல்லுவதை நிறுத்திக்கொண்டாள். குழியை அடுத்த வருஷமும் நிரப்பினாள். வறட்டியை அதன்மேல் அடுக்கினாள்.

மூன்று ஆடி போயிற்று. நாலாம் ஆடியில் காவிரியில் புதுத்தண்ணீர் வருவதாகப் பஸ்காரர்கள் வந்து சொன்னார்கள். குழந்தைவேலுக்கு வயசானதோ, கட்சி மெலிந்ததோ, ஒரு காலை அவர் சட்டையைக்கூடப் போடாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அப்போது தேர்தல் கிடையாது. முகாம் கிடையாது. அவர் மனதில் அன்று ஒரு வஞ்சமும் இல்லை என்று வளவே சூடம் அணைத்துச் சத்தியம் செய்யும்.

“மயிலா” என்றார். “ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையம் போய்ட்டு வாயேன். ஆத்துல தண்ணி போவுதாம். உங்க ஆத்தாளும் தள்ளாம கெடக்கறா. நெதானமா இருந்துட்டு வா.”

மயிலம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அடுப்பில் கிடந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு களத்துக்கு நடந்தாள். வறட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அவள் அடுக்கியபடியே இருந்தது. பின்னாலேயே வந்து நின்றவரிடம், “எதுக்குங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் என்ன சொன்னாலும் அன்று அது பொய்யாகத்தான் காதில் விழுந்திருக்கும். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

பதினெட்டு அன்று வளவில் பாதிப் பேர் ஆற்றுக்குப் பஸ் ஏறினார்கள். மயிலம்மாள் வறட்டி அம்பாரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பொழுதுக்கும் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.